வாகனச் சோதனையில் போலீஸ் மொபைலைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இது: வேலை முடிந்து இரவு பைக்கில் வரும்போது நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்சி புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகும் போனை அன்லாக் செய்யச் சொல்லி வாங்கி வாட்ஸ்அப், கேலரி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். நேராகவே சொல்லிவிடுகிறேன். வழக்கும் இல்லை, சந்தேகத்துக்குக் காரணமும் சொல்லவில்லை என்றால், சும்மா ரோட்டில் போகிறவரை நிறுத்தி அவர் போனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் போலீசுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் மறுக்கலாம். ஆனால் நீங்களே பேட்டர்னைப் போட்டு நீட்டிவிட்டால் அது உங்கள் சம்மதமாகிவிடும். பிறகு அந்தச் சோதனை செல்லாது என்று வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் இது வெட்டவெளிச்சமாகவே நடந்தது. கஞ்சா ஒழிப்பு என்று சொல்லி, வண்டியில் வருகிறவர்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பின் தேடும் இடத்தில் கஞ்சா என்று தட்டிப் பார்த்தார்கள். வீடியோ பரவி ஆட்கள் கேள்வி கேட்டபோது ஒரு காவல் அதிகாரி கொடுத்த விளக்கம்: யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, போனைப் பிடுங்கவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள், யாரும் புகார் சொல்லவில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று அவர் சொல்லவே இல்லை. நீங்கள் பயந்துபோய்க் கொடுத்ததுதான் அங்கே அதிகாரமாகக் காட்டப்பட்டது. நள்ளிரவில் லத்தியோடு நாலு பேர் சுற்றி நிற்கும்போது கொடுப்பதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கோர்ட்டில் அதை நிரூபிக்க வேண்டிய பாரம் நம் தலையில்தான் விழும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அரசு ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நுழையும் அளவு அந்த நோக்கத்துக்குத் தேவையானதைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பில் இருக்கிறது. ரோட்டுச் சோதனை முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. அதற்குச் சட்டமே இல்லையே.

இதைப் படித்துவிட்டு, சட்டவிரோதமாக எடுத்ததைக் கோர்ட் தூக்கி எறிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றை எனக்கு ஃபார்வர்டு செய்பவர்களும் உண்டு. 2014-ல் ரைலி வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம், கைதானவரின் போனாகவே இருந்தாலும் உள்ளே பார்க்க வாரண்ட் வாங்கு என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னது உண்மைதான். அந்த நாட்டில் விதி மீறி எடுத்த சாட்சியத்தைப் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். நம் நாட்டில் அப்படியில்லை. வருமான வரிச் சோதனை பற்றிய 1970-களின் பூரண்மல் வழக்கிலிருந்து இங்கே நிலைமை, சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் சாட்சியமாகச் சேரும் என்பதே. அதனால் நம் ஊரில் போனைத் திறந்து கொடுப்பதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை நிமிடத்துக்கு மதிப்பு ரொம்ப அதிகம்.

கொஞ்சம் மாற்றமும் தெரிகிறது. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சாதாரணக் குற்ற விசாரணைக்காக ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க அனுமதித்த 2011-ம் ஆண்டு உத்தரவை ரத்து செய்தார். அப்படிச் சேகரித்த உரையாடல்களைப் பயன்படுத்தவும் கூடாது என்றார். அது ஒட்டுக்கேட்பு வழக்கு, கையில் வாங்கிப் பார்ப்பதற்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் சட்டம் காட்டாத வழியில் உள்ளே போனால் பலன் கிடைக்காது என்று ஒரு உயர் நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிய பிடிமானம்.

போன வருஷம் என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்பவன். பைபாஸ் முக்கில் நிறுத்தி, ஆர்டர் காட்டச் சொல்லி போனை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர் ஆர்டரைப் பார்த்துவிட்டு கேலரிக்குள் போய்விட்டார். அதில் அவனுடைய அக்காவின் பிரசவ வார்டுப் படங்கள். பிள்ளை பிறந்த அன்று வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப எடுத்தது. அந்தக் காவலர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடமும் காட்டியிருக்கிறார். எதுவும் கிடைக்கவில்லை, போ என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை, அபராதம் இல்லை. என் முன்னால் உட்கார்ந்து அவன் கேட்டது சட்டப் பிரிவை அல்ல. "அக்காகிட்ட இத எப்படி சார் சொல்றது?" என்று கேட்டான்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். போனில் இருப்பது உங்கள் விஷயம் மட்டும் இல்லை. உங்களை நம்பி ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பிய தோழி, வேலையிடத்துப் பிரச்சினையைக் கொட்டிய தம்பி, கடன் கேட்டு வாய்ஸ் நோட் போட்ட சித்தப்பா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்தப் போலீஸ்காரரிடம் சம்மதம் கொடுக்கவில்லை.

சரி, உண்மையிலேயே வழக்கு ஒன்று இருந்தால்? அப்போது கதை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 94-ம் பிரிவு, டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய கருவிகளையும் கொண்டுவந்து தரச் சொல்லலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்கலாம். எழுத்து மூலம் என்பதை மனதில் வையுங்கள். அவசரம் என்றால் 185-ம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலும் ஓர் இடத்தில் சோதனை போடலாம். ஆனால் என்ன தேடுகிறோம், ஏன் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 105-ம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். கைதானவரிடமிருந்து எடுத்த பொருளுக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்று 49-ம் பிரிவு சொல்கிறது.

நடைமுறையில் நான் முதலில் பார்ப்பது மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவை. போனின் மாடல், நிறம், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), சிம் எண், எடுத்த நேரம், எந்த நிலையில் எடுத்தார்கள் (ஆனா, ஆஃபா) எல்லாம் அதில் இருக்க வேண்டும். "கறுப்பு நிற செல்போன் ஒன்று" என்று மட்டும் எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்கிய மகஜர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் கோர்ட்டுக்கு வந்த போன் அதேதானா என்பதே கேள்வி. இன்னொன்று ஹேஷ் மதிப்பு. போனில் உள்ள தரவை நகலெடுக்கும்போது கணக்கிடும் நீளமான எண்ணெழுத்துக் குறியீடு இது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் குறியீடு மாறிவிடும். மின்னணுச் சாட்சியத்தோடு சேர்த்துத் தரவேண்டிய சான்றிதழில் இதைக் குறிப்பிடப் புதிய சாட்சியச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். எடுத்த உடனே சீல் வைக்காமல் ஸ்டேஷனில் நாலு பேர் தட்டிப் பார்த்த போனாக இருந்தால், குறுக்கு விசாரணையில் நாங்கள் கேட்க நிறைய இருக்கும்.

பாஸ்வேர்டைச் சொல்லியாக வேண்டுமா? இதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961-ல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் இதில் வராது என்றார்கள். 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை (மருந்து கொடுத்து மயக்க நிலையில் பேசவைப்பது) நடத்தி மனதில் இருப்பதைப் பிடுங்குவது செல்லாது என்றார்கள். விரலும் முகமும் முதல் வகை, மனதில் இருக்கும் பின் நம்பர் இரண்டாவது வகை என்பது என் வாதம். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் விரேந்திர கன்னா வழக்கில் இதை ஏற்கவில்லை. பாஸ்வேர்ட் தருவது சாட்சி சொல்வதாகாது என்றது. ஆனால் அதே தீர்ப்பு, அவசரச் சூழல் தவிர மற்ற நேரத்தில் போனுக்குள் தேட வாரண்ட் வேண்டும் என்றும் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஒரு ஜாமீன் உத்தரவில், விசாரணையில் இருப்பவரைப் பாஸ்வேர்ட் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தீர்த்துவைக்கவில்லை. ஆகவே வழக்கில் உங்கள் பெயர் இருந்தால் வக்கீலிடம் பேசாமல் பின் நம்பரைச் சொல்ல வேண்டாம். அதே நேரம், விசாரணை வருகிறது என்று தெரிந்து போனை ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். இல்லாத வழக்கை நீங்களே உருவாக்கிக்கொள்வீர்கள்.

2023 நவம்பரில் பத்திரிகையாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்வது பற்றிய வழக்கில், இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் கடுமையாகவே சொன்னது. டிசம்பரில் அரசு, இப்போதைக்குச் சிபிஐ கையேட்டைப் பின்பற்றுகிறோம் என்றது. நம் ஊர் உதாரணம், அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்ஐஆர் கசிந்த விவகாரம். அதில் பத்திரிகையாளர்களின் போன்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு எடுத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. பிரஸ் கிளப் பின்னால் நின்றதால் அவ்வளவு சீக்கிரம் நடந்தது. டெலிவரி பையனுக்கு அப்படி யார் நிற்பார்கள்?

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது பாதிக்கு வருகிறேன். மறுத்தால் என்ன ஆகும்? அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக வழக்குப் போடுவோம் என்று மிரட்டலாம். பிஎன்எஸ்எஸ் 172-ம் பிரிவு என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. காவலரின் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரைப் பிடித்துவைத்து, சின்ன விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது. அதைச் சொல்லியும் பயமுறுத்தலாம். அந்தப் பிரிவு பேசுவது குற்றத் தடுப்புப் பணியில் கொடுக்கும் "சட்டப்படியான" உத்தரவைப் பற்றி. காரணமே சொல்லாமல் கேலரியைக் காட்டு என்பது அதில் வராது என்பதுதான் என் நிலைப்பாடு. மரியாதையாக மறுப்பது தடுப்பது ஆகாது. ஆனால் கையைத் தட்டிவிடுவது, போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, குரலை உயர்த்துவது எல்லாம் அவர்களுக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதம். "சார், வண்டிப் பேப்பர் எல்லாம் காட்டுறேன். போன்ல வீட்டு ஆளுங்க விஷயம் இருக்கு, அதத் திறக்க எனக்குச் சம்மதம் இல்ல. வழக்கு இருந்தா எழுதிக் கொடுங்க, ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். சம்மதம் இல்லை என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கு மேலும் வாங்கிப் பார்த்தால் இழுபறி வேண்டாம். பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், வண்டி எண், நேரம், இடம் இவற்றை வீட்டுக்குப் போன உடனே எழுதி வையுங்கள். மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பெரும்பாலும் போன் அவர்கள் கைக்குப் போவதே டிஜிலாக்கரில் லைசென்ஸ் காட்டும்போதுதான். காட்டுங்கள், ஆனால் கையில் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் என்று ஒரு வசதி இருக்கிறது, ஐபோனில் கைடட் ஆக்சஸ். வெளியேறும்போது பின் நம்பர் கேட்கும்படி செட்டிங்கில் வைத்து அதைப் போட்டுவிட்டால், பின் நம்பர் இல்லாமல் வேறு ஆப்புக்குள் போக முடியாது. இன்றைக்கே ஒரு தடவை வீட்டில் செய்து பாருங்கள்.

வழக்கில் போனை எடுத்துவிட்டார்கள் என்றால், அது கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு அந்த மாஜிஸ்திரேட்டிடமே பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்று சுந்தர்பாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் தாமதம் ஆகும், அரசுத் தரப்பும் ஆட்சேபிக்கும். கொடுக்கும்போது ஒரு தொகைக்குப் பிணை எழுதி வாங்குவார்கள், விற்கவோ மாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். மனுவோடு போன் வாங்கிய பில் வேண்டும். பில் தொலைந்துவிட்டால் ஐஎம்இஐ எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியைக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் அதை வைத்தே வாங்கிவிடலாம்.