ஹரிக்கேன் எப்படி உருவாகிறது? அதற்குள் என்னதான் இருக்கிறது?

அட்லாண்டிக்கிலோ கிழக்குப் பசிபிக்கிலோ உருவாகும் வெப்பமண்டலப் புயலின் காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அது ஹரிக்கேன். வங்கக் கடல் புயலும் இதே இனம்தான். உள்ளே இருப்பது காற்று, நீராவி, மேகம், மழை. அவ்வளவே.

சரி, இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? கடலின் சூட்டிலிருந்து. மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஏராளமான நீர் ஆவியாகி மேலே போகிறது. உயரத்தில் குளிர்ந்து மறுபடி துளியாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை அப்படிச் சுடுகிறதே, அதுவும் இதனால்தான். ஆவி தோலில் நீராகி, தன் சூட்டை அங்கே இறக்கிவிடுகிறது. புயலில் அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைய, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. பூமியின் சுழற்சி அதை வளைத்துச் சுற்ற வைக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தத் திருப்பம் மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் பிறப்பது அபூர்வம்.

2005 ஆகஸ்ட் 25 அன்று புளோரிடாவில் கரையேறியபோது கத்ரீனா, காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் வெறும் முதல் வகைப் புயல். மெக்சிகோ வளைகுடாவின் சூடான நீர் கிடைத்ததும் 28ஆம் தேதி ஐந்தாம் வகை! நிலத்தில் ஏறினால் ஆவி வரத்து நின்று புயல் தளர்ந்துவிடும்.

காற்று சட்டென அடங்கினால் புயல் போய்விட்டது என்று பலர் வெளியே வருகிறார்கள். அது புயலின் நடுவே அமைதியாக இருக்கும் ‘கண்’ பகுதியாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி அடிக்கும்.