அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் வரும்போது ஏற்படும் அசதியை இசைக்கலைஞர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் நாயனம் வாசிப்பவன். ஊர் காரிமங்கலம் பக்கம். பதினெட்டு வருடமாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எங்கள் செட் போய்வருகிறது.

வாசிப்பதால் வரும் அசதி ஒரு வெந்நீர்க் குளியலில் பாதி போய்விடும். ஆளைச் சாய்ப்பது தூக்கம் கெடுவதுதான். வைகாசியில் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அப்புறம் ரிசப்ஷன். எல்லாம் முடியப் பத்தரை ஆகிவிடும். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். நடுவில் மண்டபத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் கண் மூடினால் பெரிய விஷயம். மறுநாள் வேறு ஊர்.

நாலு வருடம் முன்பு சேலத்தில் ரிசப்ஷன் வாசித்துவிட்டு, காவேரிப்பட்டணத்தில் ஒரு முகூர்த்தத்துக்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டியது எங்கள் தவில் அண்ணன். அவரும் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தொப்பூர் கணவாயில் தடுப்புச் சுவரை வண்டி உரசிய சத்தத்தில்தான் எல்லோரும் விழித்தோம், அவர் உட்பட. யாருக்கும் அடியில்லை. காலையில் வலது கை விரல்களில் தவில் வாசிக்கும் கூடு மாட்டும்போது அவர் கை நடுங்கியது. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் வாசித்தார், குறையில்லாமல் வாசித்தார். ஆனால் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ராத்திரிப் பயணத்துக்கு வெளி டிரைவர்தான். அந்தச் செலவைச் சேர்த்தே தொகை பேசுகிறோம். தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாவதாக வரும் அழைப்பைத் தெரிந்த இன்னொரு செட்டுக்குக் கொடுத்துவிடுவோம். அவர்களும் எங்களுக்கு அப்படித் தருகிறார்கள். முதல் வருடம் வருமானம் குறைந்தது உண்மை.

மேடையில் ஒரு விஷயம் கவனியுங்கள். அசந்துபோனால் மூச்சின் பலம் குறையும், அதைச் சரிக்கட்ட உதடு சீவாளியை, அதாவது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டை, கடித்துப் பிடிக்கும். சுருதி ஏறிவிடும், உதட்டின் உள்பக்கம் புண்ணாகும், மறுநாள் வலியோடு இன்னும் அழுத்துவோம். அதனால் அசதியான நாளில் இளகிய சீவாளியாக எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், மேல் ஸ்தாயியில் அதிகம் நிற்பதில்லை. ஆலாபனையை இரண்டாம் நாயனம் வாசிக்கும் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்கிறேன். மைக் இருந்தால் பலமாக ஊத வேண்டியதே இல்லை. மைக்செட்காரரிடம் முன்னாடியே பேசி, எங்கள் சத்தம் எங்களுக்குக் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எங்கள் பக்கம் திருப்பச் சொல்லிவிடுவேன். நம் சத்தம் நமக்குக் கேட்காதபோதுதான் தேவையில்லாமல் ஊதித் தீர்க்கிறோம். நீங்கள் பாடகர் என்றாலும் இது பொருந்தும்.

சாப்பாடு எனக்கு எளிது. வாசிப்பதற்கு முன் ஒரு சொம்பு ராகிக் கூழ், மோர் விட்டு. பந்தி சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு. வயிறு நிறைந்திருந்தால் அடிவயிற்றிலிருந்து மூச்சு வராது. டீயால் தூக்கத்தை விரட்டுவதைக் குறைத்துக்கொண்டேன், ஏனென்றால் படுக்க நேரம் கிடைக்கும்போது தூக்கம் வருவதில்லை.

இன்னொன்று. இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கியும் அசதி போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எங்கள் தம்பி ஒரு சீசன் முழுக்க அலைச்சல்தான் காரணம் என்றே நினைத்திருந்தான். பார்த்தால் சர்க்கரை.

ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாணம் அபூர்வம். ஆடியில் அம்மன் கோயில் வேலை வந்துவிடும், அதனால் புரட்டாசியில் பத்து நாள் நாயனத்தை உறையிலிருந்து எடுப்பதில்லை.

இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே பெண் வீட்டாரிடம், "ராத்திரி நாங்க அஞ்சு பேர் படுக்க ஒரு ரூமும் பாயும் வேணும்" என்று கேட்டுவிடுகிறேன். கேட்கவே பல வருடம் கூச்சப்பட்டேன். இதுவரை ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை.