டாங்கியின் உள்ளே எது தேய்கிறது? மாடல் வண்ணவேலை: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 1/35 அளவில் (உண்மையின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), உள்ளறை முழுவதும் தரப்பட்ட டாங்கி மாடல் கிட்டுகளைப் பற்றியவை. வெளிப்புறத்துக்கு வண்ணம் தீட்டி நன்கு கைபழகியவர்கள்கூட உள்ளறைக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். வெளிப்புறம் வெயிலாலும் மழையாலும் சகதியாலும் பழசாகிறது; உட்புறமோ அதற்குள் ஏறி இறங்கி, உட்கார்ந்து, குண்டு தூக்கியவர்களின் கையாலும் காலாலும் பழசாகிறது. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் என் பதில்கள் இந்த ஒன்றையே ஒட்டி நிற்கின்றன.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கியான டைகர் 1-இன் உள்ளறைக் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே உள்ள பாகங்களை எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு ஒரேயடியாக வண்ணம் அடிக்கலாமா?

வேண்டாம். கியர்பெட்டியும் ஓட்டுநர் இருக்கையும் சேர்ந்த முன்தளம், இரு பக்கச் சுவர்கள், எஞ்சின் அறை, டரட் எனப்படும் பீரங்கி பொருத்திய சுழல்கோபுரத்தின் உட்புறம், டரட்டுக்குக் கீழே தொங்கும் சுழல்தளம் எனப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியே வண்ணம் தீட்டிப் பழமையேற்றிய பிறகே சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிணைப்பது. இடையில் வண்ணப் படலம் இருந்தால் பிடிப்பு நிற்காது. எனவே ஒட்டப்போகும் விளிம்புகளுக்கு முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது வண்ணத்தின் தடிமன். என் முதல் உள்ளறை மாடலில் பக்கச் சுவர்களுக்குப் பிரைமர், அடிவண்ணம், மேல்வண்ணம், வார்னிஷ் என நான்கு அடுக்கு ஏற்றிவிட்டுக் கடைசியில் மேல்தகட்டை வைத்துப் பார்த்தபோது, அது ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. அரை மில்லிமீட்டர்தானே என்று எண்ணக் கூடாது. உண்மையான டாங்கியில் அது பதினேழரை மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு விரல் நுழையும் சந்து. விளிம்புகளில் ஏறியிருந்த வண்ணத்தைச் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்று முதல், ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் பாகங்களைப் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்காமல் அடுத்த அடுக்குக்கு நான் போவதில்லை.

கேள்வி: ஜெர்மன் டாங்கிகளின் உட்புறம் முழுக்கத் தந்த நிறமா? சில படங்களில் தளம் செங்கல் நிறமாகத் தெரிகிறதே?

இரண்டும் சரி. வீரர்கள் இருந்து போரிடும் அறையின் மேற்சுவர்கள், கூரை, டரட்டின் உட்புறம் ஆகியவை எல்ஃபன்பைன் எனப்படும் ஆர்.ஏ.எல். 1001 நிறம் (ஆர்.ஏ.எல். என்பது ஜெர்மன் நிற எண் வரிசை); அச்சொல்லுக்கே யானைத்தந்தம் என்றுதான் பொருள். தளம், சுவர்களின் கீழ்ப்பகுதி, எஞ்சின் அறை ஆகியவை பொதுவாக ஆர்.ஏ.எல். 8012 எனப்படும் செந்நிறப் பிரைமராகவே விடப்பட்டன. மூடிய இரும்புப் பெட்டிக்குள் சில சிறு விளக்குகளின் வெளிச்சத்தில் வேலை செய்பவர்களுக்குச் சுவர் ஒளியைத் திருப்பித் தர வேண்டும் என்பதே வெளிர்நிறத்துக்குக் காரணம். யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத எஞ்சின் அறைக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. போரின் இறுதிக்கட்டத்தில் வெளிவந்த சில வண்டிகளில் போர் அறையும் பிரைமர் நிறத்திலேயே விடப்பட்டது.

இந்த வரிசையை அப்படியே நம் மேசையிலும் பின்பற்றலாம். முதலில் எல்லாப் பாகங்களுக்கும் செந்நிறப் பிரைமர் நிறத்தை ஏர்பிரஷால் அடியுங்கள். அது நன்கு உலர்ந்ததும், தந்த நிறத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, மூலைகளில் மெல்லியதாகவும் நடுச்சுவரில் சற்று அழுத்தமாகவும் ஏற்றுங்கள். மூலைகளின் நிழல் தானாக அமைந்துவிடும். பின்னர் வண்ணம் பெயர்த்துக் காட்டும்போது அடியில் எந்த நிறம் தெரிய வேண்டுமோ அதுவே தெரியும். குப்பியில் உள்ள தந்த நிறத்தை அப்படியே அடித்தால் இருண்ட உள்ளறையில் பழுத்த மஞ்சளாகத் தெரியும் என்பதால், நான் அதில் பாதியளவு வெள்ளையாவது சேர்த்துக்கொள்வேன்.

அமெரிக்க ஷெர்மன் டாங்கி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளறை வெள்ளைதான், ஆனால் மேல்மூடிகளின் உட்பக்கம் வெளிப்புறத்தின் ஆலிவ் பச்சை. மூடியைத் திறந்தால் அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கும். வெள்ளையாக இருந்தால் வெகுதூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். மூடியைத் திறந்து வைத்து, அதன் உட்பக்கத்தை வெள்ளையாக விட்ட மாடல்களை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: ஸ்பாஞ்சால் துருநிறத்தை ஒற்றி ஒற்றி உள்சுவர் முழுவதும் வண்ணப் பெயர்வு காட்டினேன். இப்போது அது பழைய இரும்புக்கடையில் கிடந்த வண்டி போல இருக்கிறது. எங்கே தவறு?

தவறு ஸ்பாஞ்சில் இல்லை. துருவைத் தேர்ந்தெடுத்ததிலும் அதைச் சுவர் முழுவதும் பரப்பியதிலும்தான். டைகர் 1 டாங்கி 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரைதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1945 மே மாதத்தில் போர் முடிந்தபோது மிகப் பழைய டைகருக்கும் மூன்று வயது நிறையவில்லை. பெரும்பாலானவை சில மாதங்களிலேயே களத்தில் அழிந்தன. பிரைமரும் மேல்வண்ணமும் பூசப்பட்ட ஒரு சுவர், மழை நேரே படாத இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கைகள் நாள்தோறும் தடவிக்கொண்டிருக்கும் நிலையில், அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை.

ஆகவே வண்ணத்தை எடுப்பதற்கு முன் அந்த அறையில் வேலை செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் தன் மேல்மூடி வழியாக இறங்கும்போது முதலில் கையை எங்கே ஊன்றுவார், பூட்ஸ் எங்கே உரசும், எதன்மீது மிதிப்பார்? மூடியின் விளிம்பு, இருக்கையின் இரும்புச் சட்டம், மிதிகட்டைகள், அவற்றுக்கு முன்னால் உள்ள தளத்தகடு ஆகிய நான்கும் நன்றாகத் தேய்ந்திருக்கும். குண்டேற்றுபவரின் பக்கம் வந்தால், அவர் நிற்கும் தளமும், கனமான குண்டுகளை இழுக்கும்போது அடிபடும் குண்டு அடுக்குகளின் உதடுகளும் தேய்ந்திருக்கும். அந்த அடுக்குகளுக்குப் பின்னால் உள்ள சுவரை யாரும் தொட்டதே இல்லை. அங்கே புழுதி இருக்கலாம், பெயர்வு இருக்கக் கூடாது.

பெயர்வின் அளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் அகலமான பொட்டு, உண்மை வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் போனதைக் குறிக்கும். 0.2 மில்லிமீட்டர் என்றால் 7 மில்லிமீட்டர். அதுவே நம்பத்தக்க அளவு. இதற்கு ஸ்பாஞ்சைவிட, நுனி கெடாத மெல்லிய தூரிகை ஏற்றது. தந்த நிறச் சுவரில் முதலில் வெளிப்படுவது பிரைமரின் செந்நிறம். பூட்ஸ் நாள்தோறும் உரசும் விளிம்புகளில் மட்டும் அதற்கும் கீழே உள்ள இரும்பு தெரியும். அந்த இரும்பைக் காட்ட வெள்ளி வண்ணம் வேண்டாம். 2பி பென்சிலின் முனையை விளிம்பில் படுக்கவைத்து மெதுவாக ஒருமுறை இழுத்தால், கால்பட்டுப் பளபளத்த இரும்பின் கருஞ்சாம்பல் மினுக்கு அப்படியே கிடைக்கும்.

சோவியத் டி-34 கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த டாங்கியில் குண்டுகளில் பெரும்பகுதி தளத்தில் உள்ள பெட்டிகளில் அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் ரப்பர் விரிப்பு போடப்பட்டிருக்கும்; வீரர்கள் நின்றது அந்த விரிப்பின்மேல்தான். ரப்பரில் இரும்பின் மினுக்கைக் காட்டுவது பொருந்தாது. மங்கிய கருப்பும், மடிப்புகளில் படிந்த காய்ந்த மண்ணுமே போதும்.

கேள்வி: வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்ட மிகவும் நீர்க்கச் செய்த வண்ணம்) போட்டதும் தந்த நிறச் சுவர் முழுவதும் திட்டுத்திட்டாக அழுக்கானது. ஓரிடத்தில் வண்ணமே உரிந்துவந்தது.

பளபளப்பில்லாத, அதாவது மேட் பரப்பின் மீது வாஷ் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேட் பரப்பு சொரசொரப்பானது. வாஷை உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். வண்ணத்துக்கு மேல் பளபளப்பான அல்லது அரைப்பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஓரடுக்கு ஏற்றி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்ட பிறகு எனாமல் வாஷைத் தொடுங்கள். அதையும் சுவர் முழுவதும் பூசாமல், தூரிகை நுனியால் ரிவெட்டின் அடியிலும் வெல்டிங் கோட்டின் ஓரத்திலும் ஒரு துளி வைத்தால் போதும், இடுக்கு வழியே அது தானே ஓடிப் பரவும். பதினைந்து நிமிடம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்துத் துணியில் ஒற்றியெடுத்த, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மிச்சத்தை இழுத்துவிடுங்கள். ஈரமான தூரிகையால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் வார்னிஷும் கரைந்து வண்ணமும் கூடவே வந்துவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். வெளிர்நிறச் சுவருக்குக் கருப்பு வாஷ் ஒருபோதும் வேண்டாம். மண்பழுப்பு நிறமே கைப்பிசுக்குக்கும் புழுதிக்கும் நெருக்கமானது.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறேன். மழைக்காலத்தில் லாக்கர் வகை வண்ணம் அடித்தால் பால்போல வெளுத்துவிடுகிறது.

தின்னர் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துங்கள்; மழை பெய்துகொண்டிருக்கும் நேரத்தைத் தவிருங்கள். வெளுத்த இடத்தில் அதே தின்னரை மட்டும் மிக மெல்லியதாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். லாக்கர் வாடை நுரையீரலுக்குக் கேடு என்பதால், சன்னலைத் திறந்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி அணிந்தே அடியுங்கள். துணி முகமூடி இதற்குப் பயன்படாது.

கேள்வி: எஞ்சினுக்குத் துரு காட்டலாமா?

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. டி-34 டாங்கியின் வி-2 டீசல் எஞ்சினின் உடல் அலுமினியம். அதற்குச் செந்துரு பிடிக்காது. டைகரின் கதை இன்னும் சுவையானது. முதல் 250 வண்டிகளில் இருந்த மேபாக் எச்.எல். 210 எஞ்சினின் உடல் அலுமினியம். அதன் பிறகு வந்த எச்.எல். 230 எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. ஆகவே உங்கள் கிட் எந்தக் காலத்து டைகர் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். புகைபோக்கிக் குழாய்கள் இரண்டிலுமே சூட்டில் வெந்து துருவேறியிருக்கும். அங்கே தயங்காமல் பழுப்பையும் செம்பழுப்பையும் கலந்து பயன்படுத்துங்கள்.

எஞ்சின் அறையை உயிர்ப்பிப்பது துருவைவிட எண்ணெய்தான். கருப்பும் காவியும் கலந்த ஆயில் பெயின்டைப் பளபளப்பு வார்னிஷோடு குழைத்து, குழாய் இணைப்புகளின் கீழும் நிரப்பு மூடிகளைச் சுற்றியும் மெல்லிய கசிவாக வையுங்கள். அது பாதி உலர்ந்த நிலையில் மிகச் சிறிதளவு பிக்மென்ட் தூளை (உலர் நிறப்பொடி) தூவினால், எண்ணெயில் ஒட்டிய புழுதியின் அந்தத் தடித்த பிசுக்கு வந்துவிடும். சிந்தி நாளான கறை மங்கலாகவும் இன்று சிந்தியது ஈரமாகவும் தெரிய வேண்டும் என்பதால், இதை இரண்டு மூன்று நாள் இடைவெளியில், வெவ்வேறு பளபளப்பில் செய்வது நல்லது.

கேள்வி: டைகருக்குள் 92 குண்டுகள். அத்தனைக்கும் வண்ணம் தீட்ட வேண்டுமா?

வெளியே தெரிபவற்றுக்கு மட்டும் போதும். ஐஸ் குச்சியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, அதில் வரிசையாக நிறுத்தி அடித்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தோட்டா உறைக்குப் பித்தளை நிறம். கவசம் துளைக்கும் குண்டின் தலைக்குக் கருப்பும் நுனியில் வெள்ளையும். அடுக்குகளில் ஓரிரண்டு இடங்களைக் காலியாக விட்டால் போருக்கு நடுவே இருக்கும் வண்டி போலத் தெரியும்.

கேள்வி: வெளிப்புறத்தில் நன்றாகச் சகதி காட்டிவிட்டேன். உள்ளே சுத்தமாகவே விடலாமா?

கூடாது. சகதியில் நின்றவர்கள்தான் அதே பூட்ஸோடு உள்ளே இறங்கினார்கள். சக்கரங்களில் பயன்படுத்திய அதே பிக்மென்ட் கலவையை எடுத்து வையுங்கள்; துனீசியாவின் வெளிர்மஞ்சள் மண் வெளியே இருந்தால், உள்ளே உக்ரைனின் கரிசல் நிறம் இருக்க முடியாது. மேல்மூடிக்கு நேர்கீழே மண் அடர்த்தியாகவும், அங்கிருந்து விலக விலகப் புழுதியாக மெலிந்தும் இருக்கட்டும். கால் படாத மூலைகளில் அது குவியும். கால் படும் நடுப்பகுதியில் தேய்ந்து தளத்தின் நிறம் தெரியும்.

இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131, 1943 ஏப்ரலில் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட வண்டி. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதை அறிய அதன் உட்புறப் படங்கள் மிகவும் உதவும். ஆனால் பல ஆண்டுகள் சீரமைக்கப்பட்ட வண்டி அது. அழுக்குக்கும் தேய்மானத்துக்கும் அதை மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்தபின் மேல்தகட்டை ஒட்டினால் எல்லாம் மறைந்துவிடுமே?

ஒட்ட வேண்டியதில்லை. மேல்தகட்டின் நான்கு மூலைகளிலும் உடற்பகுதியின் விளிம்பிலும் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பதித்தால், வேண்டும்போது திறந்து காட்டலாம். மூடியே வைக்க விரும்பினால், மேல்மூடிகளைத் திறந்த நிலையில் வைத்து, அவற்றின் நேர்மேலே சிறு டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒளி விழும் இடங்களில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி இருக்க வேண்டும். காந்தங்களைப் பதிக்கும் முன், ஒன்றையொன்று இழுக்கும் பக்கங்களை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தம் தலைகீழாக ஒட்டிக்கொண்டால், அதைப் பெயர்த்தெடுக்கும்போது முடித்துவைத்த சுவரின் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.