விடுதலைக்கு அடுத்த நாள் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சோமனூர் பக்கம் விசைத்தறிக் குடோன் வைத்திருக்கிறேன். கூலி நெசவுதான். கோவை மத்திய சிறைக்காரர்கள் நடத்தும் பெட்ரோல் பங்க் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கைதிகள் மரியாதையாகப் பேசுகிறார்கள், அளவு சரியாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தீர்கள். நானும் அங்கே பெட்ரோல் போடுகிறவன்தான். ஆனால் அந்தக் கைதி தண்டனை முடிந்து என் குடோன் வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வது என்று நீங்கள் எழுதவில்லை.

இப்போது அப்படி ஒருவர் வந்து நிற்கிறார். பக்கத்து ஊர்க்காரர். வண்டித்தடத் தகராறில் நடந்த கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. பத்து வருசத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு முன்விடுதலையில் வந்திருக்கிறார். உள்ளே தறி ஓட்டிப் பழக்கமாம். எனக்கோ ஆள் கிடைக்காமல் தறிகள் நிற்கின்றன. வைத்துக்கொள்ளலாமே என்றால், "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இறந்துபோனவரின் குடும்பமும் அதே ஊரில்தான் இருக்கிறது. என் குடோனில் வேலை செய்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்வதா, மறைப்பதா என்றும் தெரியவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே போலீஸ், வேலைவாய்ப்பு, ஆஸ்பத்திரி, வீட்டு வசதி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து இப்படிப்பட்டவர்களுக்குத் திட்டம் போடுவார்கள் என்கிறான். நம்மிடமும் எல்லாத் துறையும் இருக்கிறதே, ஏன் நடப்பதில்லை? வேலை கொடுப்பது என் கடமையா, சர்க்கார் கடமையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), சோமனூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுப்பது உங்கள் கடமை இல்லை. உங்களுக்கு ஆள் வேண்டும், தொழில் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா" என்ற பயம் முழுவதையும் உங்கள் ஒருவர் தலையில் இறக்கிவைத்திருக்கிறார்களே, அதுதான் அநியாயம். அதில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் ஐந்தாறு அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

மகன் சொன்னது சரிதான். அமெரிக்காவில் 2008இல் 'இரண்டாவது வாய்ப்புச் சட்டம்' என்று ஒன்று வந்தது. சிறை மீண்டவர்களுக்கு வேலை, வீடு, போதை மீட்பு என்று ஏற்பாடு செய்யும் உள்ளூர் அரசுகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அதன் வழியாக நிதி போகிறது. வேலை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'தண்டனை பெற்றவரா?' என்று கேட்கக் கூடாது என ஹவாய் மாநிலம் 1998இலேயே சட்டம் போட்டது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சோமனூரில் விண்ணப்பம் எங்கே இருக்கிறது? ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, போன் நம்பர் ஒன்று, அதோடு சரி.

அங்கே கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் பழைய வழக்கு வந்து நிற்கும். இங்கே கம்ப்யூட்டரே தேவையில்லை, டீக்கடை போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வருகிற பையனிடம் நீங்கள் பழங்கதை கேட்பதில்லை. இரண்டு நாள் தறி ஓட்டிக் காட்டினால் வேலை. பக்கத்து ஊர்க்காரர் என்றால் அவருடைய தாத்தா யாரோடு வாய்க்கால் சண்டை போட்டார் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். கொங்கு நாட்டில் தண்டனை முடிந்தவருக்குப் பெரிய கஷ்டமே இதுதான். அதனால்தான் பலரும் ஊருக்கே வராமல் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் லைன் வீடு வாடகைக்கு வேண்டுமென்றால் 'தெரிந்தவர் யார்?' என்பார்கள். தெரிந்தவர்களை விட்டுத்தானே இவர் ஓடி வந்திருக்கிறார்.

ஆளே பெரிய ஆளாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. நம் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. செய்தது குற்றமே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் பட்டது, வெளியே வரும் யாரும் இன்றைக்கும் படுவதுதான். தண்டனையோடு வக்கீல் சன்னதும், அதாவது தொழில் செய்யும் உரிமமும், போயிருந்தது. கப்பல் விட்டவர் சென்னையில் சில்லறை வியாபாரம் பார்த்தார். பிறகு இதே கோவையில் ஒரு வங்கியில் மேலாளராக இருந்தார். ஈ.எச். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி மறுபடி வக்கீலாக அனுமதி கொடுத்த பிறகுதான் கோவில்பட்டியில் தொழிலுக்குத் திரும்பினார். நன்றியை மறக்காமல் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நாடறிந்த மனிதருக்கே தொழில் திரும்பக் கிடைக்க ஒரு அதிகாரியின் கையெழுத்து தேவைப்பட்டது.

உங்களிடம் வந்திருப்பவருக்கு இன்றைக்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள். ஆதாரோடு இணைத்த பழைய போன் நம்பர் செத்துப்போயிருக்கும், அதனால் ஓடிபி வராது. இரண்டு வருசம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும், பத்து வருசம் தாண்டினால் அதிலிருக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கே போய்விடும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதோ இல்லையோ. நீங்கள் பி.எஃப். பிடிக்கிறவராக இருந்தால் ஆதார் சரியாக இல்லாமல் அதுவும் நகராது. இதில் ஒன்றுகூட வெளியே வந்தபின் அலைந்து செய்ய வேண்டிய வேலையில்லை. எல்லாவற்றையும் விடுதலைக்கு முன்பே உள்ளேயே முடித்துக் கொடுக்கலாம். இலவச சட்ட உதவி செய்யும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் சிறைக்குள் போய்வரத்தான் செய்கிறார்கள். அவர்களோடு ஒரு இ-சேவை மையத்து ஆளும் ஒரு வங்கி ஆளும் போனால் வேலை முடிந்தது.

தண்டனைக் கைதிக்காவது விடுதலைத் தேதி முன்கூட்டித் தெரியும். விசாரணைக் கைதிக்கு அதுவும் கிடையாது. ஜாமீன் உத்தரவு எப்போது வந்து சேர்கிறதோ அப்போது வெளியே. பெரும்பாலும் பொழுது சாயும் நேரம்தான். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் பாதியில் ஜாமீனில் போனால், அடுத்த மாத்திரையை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குவது என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிய வேண்டும். கோவைச் சிறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு இருப்பது இப்போதைக்கு ஒரு சௌகரியம். சிறையைக் காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் நடந்தேறினால் அதுவும் போய்விடும். கட்டிடத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் வாசலில் ஒரு பஸ் நிறுத்தத்தையும் சேர்த்துப் போட்டால் தேவலை.

சரி, துறைகள் ஏன் சேர்வதில்லை என்கிறீர்கள். சேரத் தெரியாமல் இல்லை. 2023இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அபராதம் கட்ட முடியாமல் உள்ளே கிடக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று அப்போது வைத்தார்கள். முடிவெடுக்க மாவட்டத்துக்கு ஒரு குழு: கலெக்டர், எஸ்.பி., சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர், சிறைப் பொறுப்பு நீதிபதி. வெளியே கொண்டுவருவதற்கு இந்த ஐந்து பேரும் ஒரு மேஜையில் உட்கார முடிகிறது. வந்தவர் அடுத்த நாள் எங்கே படுப்பார், எங்கே சாப்பிடுவார், யாரிடம் வேலை கேட்பார் என்பதற்கும் அதே மேஜையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கூடவே வேலைவாய்ப்பு அலுவலகம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, நன்னடத்தை அலுவலர், தொழில் சங்கத்திலிருந்து ஒருவர். புதிதாகத் துறையும் வேண்டாம், புதிதாகத் திட்டமும் வேண்டாம். விடுதலையாகும் தண்டனைக் கைதிகளுக்கு உதவவென்றே ஒரு சங்கம் தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவர்களில் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் நன்னடத்தை அலுவலர். பரோலுக்கும் முன்விடுதலைக்கும் வீடு தேடி வந்து விசாரித்து அறிக்கை எழுதுகிறவர் அவர்தான். குடும்பம் ஏற்றுக்கொள்கிறதா, ஊரில் பகை இன்னும் இருக்கிறதா, இவருக்கு என்ன தொழில் தெரியும் என்றெல்லாம் அவருடைய கோப்பில் இருக்கும். விடுதலை ஆணை வந்ததும் அந்தக் கோப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது இழைக்கு இழை பிணைத்துக் கொடுக்க உங்கள் குடோனுக்கு ஒருவர் வருவாரே, அதுபோலச் சிறையையும் ஊரையும் பிணைத்துக் கொடுக்க மாவட்டத்தில் தகுதியான ஆள் இவர்தான். அந்த வேலையைச் செய் என்று இவரிடம் யாராவது சொல்ல வேண்டும், ஒரு வண்டியும் கொடுக்க வேண்டும்.

போலீஸ் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பக்கத்தில் எங்காவது திருட்டு நடந்தால் பழைய ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். உங்கள் வீட்டார் பயப்படுவது அந்த ஆளுக்கா, குடோன் வாசலில் ஜீப் வந்து நிற்பதற்கா என்று கேட்டுப் பாருங்கள். ஜீப்புக்கு என்றால், நன்னடத்தை அலுவலரை அழைத்துக்கொண்டு நீங்களே ஸ்டேஷனுக்குப் போய், இன்னார் என்னிடம் இன்ன ஷிப்டில் வேலை செய்கிறார், விசாரிக்க வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்யுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வையுங்கள்.

இறந்தவரின் குடும்பம். நான் தயங்குவது இந்த ஒரு இடத்தில்தான். சிறை மீண்டவருக்கு இரக்கப்பட்டு எழுதுகிறவர்கள் பலரும் அவர்களை மறந்துவிடுகிறார்கள். கைதிகளின் கூலி பற்றி 1998இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்தக் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்றது. பணம் ஒரு பக்கம். தினமும் காலையில் பால் ஊற்றப் போகும் தடத்தில் அவர்கள் இவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? இவரை அந்த ஊரிலேயே தங்கவிடாதீர்கள். குடோன் பக்கத்திலேயே அறை கொடுங்கள், அல்லது சோமனூரில் வாடகைக்குப் பார்த்துக் கொடுங்கள். நோம்பி, கல்யாணம் என்று ஊருக்குப் போவதைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடட்டும். சமாதானம் பேசுகிறேன் என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தரப்பையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கக் கிளம்புவார்கள், அதற்கும் விடாதீர்கள். அந்தக் குடும்பம் தானாகக் கேட்டாலொழிய அது நடக்கக் கூடாது.

குடோனில் சொல்வதா என்று கேட்டீர்கள். அதை அவரிடமே கேளுங்கள். சொல்ல வேண்டாம் என்றால் மேஸ்திரிக்கு மட்டும் தெரிந்தால் போதும். சொல்லலாம் என்றால் அவரே சொல்லட்டும். எப்படியும் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நம் பக்கம் அப்படித்தான். அப்புறம், தறிக்காரர்கள் வழக்கப்படி முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடாதீர்கள். போக்கிடம் இல்லாதவர்தானே என்று கூலியையும் குறைக்காதீர்கள். மற்றவருக்கு என்ன கூலியோ அதேதான். வேலை சரியில்லை என்றால் மற்றவரை என்ன செய்வீர்களோ அதையே இவரையும் செய்யுங்கள். முதல் மாதம் ஆதாருக்கும் வங்கிக்கும் அலைய லீவு கேட்பார், அதை மட்டும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது இரண்டு. 15100 என்ற இலவச எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்து, இவருடைய காகிதங்களைச் சரிசெய்ய ஒரு தன்னார்வலரைக் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் விசைத்தறிச் சங்கத்தின் லெட்டர்பேடில் கலெக்டருக்கு ஒரு மனு. தொழில் தெரிந்தவர்கள் விடுதலையாகும்போது எங்களுக்குத் தெரிவியுங்கள், நன்னடத்தை அலுவலர் பொறுப்பில் அனுப்பினால் வேலை தரத் தயார் என்று நான்கு வரி போதும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். ஈரோட்டில் ஜமுக்காளக்காரர்களும் தறிக்காரர்களும் சிலர் பழக்கம், அவர்களிடம் கொடுத்து அங்கேயும் ஒன்று போடச் சொல்கிறேன்.

அன்புடன்.