எஞ்சின் வேலைக்குப் பின் செல்ஃப் எடுக்காத லாரி: புது மோட்டார் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறுதொழில் செய்கிறேன். என் டீசல் லாரி அடிக்கடி சூடேறியதால் பட்டறையில் விட்டேன். எஞ்சினை இறக்கி, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றி, மறுபடி ஏற்றிவிட்டார்கள். இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுற்றவில்லை. செல்ஃப் மோட்டாரும் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர்) இரண்டு பேட்டரிகளும் போய்விட்டன என்றும், அதற்கும் தாங்கள் செய்த வேலைக்கும் தொடர்பில்லை என்றும் பட்டறைக்காரர் சொல்கிறார். லாரியை நானே ஓட்டிக்கொண்டு போய்த்தான் அங்கே நிறுத்தினேன். அதுவரை செல்ஃப் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. நான் வாங்கித் தரத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் செல்ஃப் மோட்டார் கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அது கெட்டுவிட்டது என்பதை இதுவரை யாரும் அளந்து காட்டவில்லை என்றுதான் சொல்கிறேன். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடக்கூடிய விஷயத்துக்கு, மூன்று பெரிய உதிரிபாகங்களின் விலையை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எஞ்சினை இறக்குகிறவர்கள் முதலில் கழற்றுவது பேட்டரி கம்பிகளையும், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியையும், சாலினாய்டுக்கு (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) போகும் மெல்லிய கம்பியையும், எஞ்சினையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டையையும்தான். வரும்போது ஓடிய வண்டி வேலை முடிந்ததும் ஓடவில்லை என்றால், அந்த வேலையில் கைபட்ட இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் அதிகம் மறக்கப்படுவது எர்த் பட்டை. அதை மாட்டாமலே விட்டிருக்கலாம். அல்லது புதிதாகப் பெயிண்ட் அடித்த இடத்தின் மீதே போல்ட்டை முறுக்கியிருக்கலாம். பெயிண்டும் துருவும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. டர்பன் கடற்காற்றில் செப்புக் கம்பியின் முனை பச்சை பூத்து, மேலே பார்க்கக் கம்பி முழுதாக இருந்தாலும் உள்ளே இழைகள் அரித்துப்போயிருப்பதும் நம் ஊரில் சாதாரணம். எர்த் சரியில்லாத வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடிக்கொண்டு ஆக்சிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய இரும்புக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது அந்தக் கேபிள் சூடேறினாலோ, அதன் உறையிலிருந்து புகை வந்தாலோ, குற்றவாளி எர்த்தான்.

மின்சாரத்தைச் சோதிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார்களா? ஹெட் வேலை செய்த எஞ்சினில் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தாலும், இறுக்கத்தில் பிழை நேர்ந்திருந்தாலும், இதே ‘டக்’ சத்தம்தான் வரும். தண்ணீர் நிற்கும் சிலிண்டரை வலுவான பேட்டரி போட்டு வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் செல்ஃப் மோட்டாரின் விலை சின்ன விஷயமாகிவிடும்.

எஞ்சின் கையால் தடையின்றிச் சுற்றினால், இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். உங்கள் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் இருக்கிறது. பட்டறைக்காரருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி நாள்கணக்கில் நின்றால், திருட்டைத் தடுக்க நாம் பொருத்தும் டிராக்கர் கருவி மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்குவது இயல்பு. ஆனால் இறங்கிய பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி ஆகிவிடாது. முதலில் சார்ஜ் ஏற்றி, பிறகு சுமை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் ஒன்று தோற்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது; பழையதும் புதியதும் ஒரே வரிசையில் நின்றால் புதியது சீக்கிரம் கெடும்.

அடுத்து வருவதுதான் முடிவு சொல்லும் சோதனை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி வரிசையின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது. பல வோல்ட் காட்டினால் பழுது அங்கேதான். மீட்டரே இல்லை என்றாலும், தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை அதே நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்குக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சுற்றிவிட்டால் செல்ஃப் மோட்டார் மீதும் பேட்டரி மீதும் சொன்ன குற்றச்சாட்டு அந்த நிமிடமே விழுந்துவிடும். இதே முறையில் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழப்பு இல்லாமல், சாலினாய்டின் சிறு முனைக்கும் முழு மின்சாரம் வந்து, அப்போதும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் அது கெட்டுவிட்டது என்று சொல்ல உரிமை உண்டு. அந்தச் சிறு முனைக்கு மின்சாரம் வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளப்ப விடாத கருவி) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் ‘டக்’ சத்தம் சாலினாய்டிலிருந்தே வருகிறது என்றால் அங்கே மின்சாரம் போகிறது என்று பொருள்.

இனி, செலவு யாருடையது என்ற கேள்வி. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008இன் 68ஆம் எண்) 54ஆம் பிரிவு, நியாயமாக எதிர்பார்க்கும் தரத்தில் வேலையைப் பெறும் உரிமையைத் தருகிறது. தரம் குறைந்தால், குறையைச் சரிசெய்யும்படியோ கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரும்படியோ நீங்கள் கேட்கலாம். எர்த் பட்டையை மாட்டாமல் விட்டது இதில் அடங்கும். அதற்கு ஒரு ராண்ட் கூட நீங்கள் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. 57ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது பொருத்திய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ஆனால் அவர்கள் தொடாத பழைய பாகம் தேய்ந்து கெட்டால் அது உங்கள் செலவுதான். அதனால்தான் அளந்து பார்ப்பது முக்கியம் என்று இத்தனை தூரம் வலியுறுத்துகிறேன்.

‘வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கு இணங்கிவிடாதீர்கள். 56ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. தேவையில்லாமல் வாங்கிய, ஆனால் நன்றாக வேலை செய்யும் செல்ஃப் மோட்டாரை அந்தப் பிரிவைக் காட்டித் திருப்ப முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சோதனை காட்டினால், 15ஆம் பிரிவின்படி முதலில் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, அதற்கு ஒப்புதல் தந்த பிறகே வேலை தொடங்கட்டும். கழற்றிய பழைய மோட்டாரை 67ஆம் பிரிவின்படி உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடாமல் அதை வாங்கி, வேறொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். உங்கள் தொழிலை நிறுவனமாகவோ கூட்டாகவோ பதிவு செய்திருந்தால், ஆண்டு வரவும் சொத்து மதிப்பும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழ் இருந்தால்தான் இந்தச் சட்டம் துணைக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டறைக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள்: எந்த இடத்தில் அளந்தீர்கள், எத்தனை வோல்ட் வந்தது, எந்த அடிப்படையில் மோட்டார் போய்விட்டது என்கிறீர்கள்? பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) அலுவலகத்தில் முறையிடலாம்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்து எழுதுகிறேன். எனக்கும் எஞ்சின் வேலைக்குப் பிறகுதான் தொல்லை. ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டீசல் எஞ்சின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை. இதுவும் பேட்டரி கோளாறா?

பதில்: வேகம் குறையாமல் சுற்றுகிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பதே முதல் சந்தேகம். கை பம்பால் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பழைய வகை பம்பாக இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது டீசலைத் திறக்கும் சாலினாய்டு மெல்லிய சத்தம் தருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமில்லை என்றால் அதன் கம்பி மாட்டப்படாமல் இருக்கலாம். கணினி வைத்த எஞ்சின் என்றால், கிராங்க் சென்சாரின் சொருகி விடுபட்டிருக்கிறதா, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கம்பி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கட்டும். ஸ்கேன் கருவியைச் செருகிச் சுற்றும்போது எஞ்சின் வேகம் பூஜ்யம் என்று காட்டினால் அந்த சென்சாரின் தகவல் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அப்போதும் புது சென்சார் வாங்குவதற்கு முன் சொருகியைக் கழற்றி, உள்ளே முள் வளைந்திருக்கிறதா, எண்ணெய் புகுந்திருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.