ராட்டையும் சக்கரமும்: தேசியக் கொடி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சுதந்திரப் போராட்ட காலத்துப் புகைப்படங்களில் ஊர்வலம் போகிறவர்கள் பிடித்திருக்கும் கொடியில் ராட்டை இருக்கிறது. இன்றைய கொடியில் அசோகச் சக்கரம் இருக்கிறது. ராட்டையை எப்போது, எதற்காக எடுத்தார்கள்?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மேலமாசி வீதி, மதுரை

பதில்: எடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்து, சபை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தைப் பாருங்கள். வெள்ளைப் பட்டையின் நடுவே, ராட்டையைக் குறிக்கும் விதமாக, கருநீலச் சக்கரம் ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதன் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூண் தலைப்பில் காணப்படும் சக்கரத்தின் வடிவமாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதாவது வடிவம் அசோகருடையது. அது குறிப்பது ராட்டையை. தீர்மானத்தின் இந்த வரி நம் பள்ளிப் பாடங்களில் அழுத்தமாகச் சொல்லப்படாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

மாற்றத்துக்கு நேரு சொன்ன காரணம் முழுக்க வரைகலை சார்ந்தது. கொடி காற்றில் பறக்கும்போது இரு பக்கமும் தெரியும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சின்னம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ராட்டையில் ஒரு புறம் சக்கரமும் மறுபுறம் கதிரும் இருப்பதால், கொடியின் பின்பக்கத்தில் அது இடம் மாறித் தெரியும். எனவே ராட்டையின் உயிர்ப்பகுதியான சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காந்தியடிகளுக்கு இதில் மனக்குறை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு ராட்டை வெறும் அடையாளம் அல்ல, அன்றாட வேலை.

மதுரைக்காரரான உங்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. 1921ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் விஜயவாடாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழுவின்போது, ஆந்திரத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா சிவப்பும் பச்சையும் கொண்ட கொடி ஒன்றை வரைந்து காந்தியிடம் கொடுத்தார். கொடியில் ராட்டை இடம்பெற வேண்டும் என்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெள்ளைப் பட்டையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, நீங்கள் குடியிருக்கும் மேலமாசி வீதியின் ஒரு வீட்டில்தான், கதர் வாங்கக்கூட வசதியில்லாத ஏழைகளை எண்ணி, அவர் தம் மேலாடையை விட்டு முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். கொடியில் ராட்டையை வைத்ததும் மதுரையில் உடையைக் குறைத்துக்கொண்டதும் ஒரே ஆண்டில், ஒரே கவலையிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம்: நாட்டின் ஏழை தன் கையால் நூற்ற துணியை உடுத்த வேண்டும் என்ற கவலை அது.

கேள்வி: அசோகர் பாண்டிய நாட்டை ஆண்டதில்லை. மீன்கொடி பறந்த மண்ணில் வாழும் நாம், வடநாட்டு மன்னர் ஒருவரின் சின்னத்தை நம்முடையதாக எப்படிக் கருதுவது?
– கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: அசோகர் இங்கே ஆளவில்லை என்பது உண்மை, அதை அவரே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எதற்காகத் தெரியுமா? மனிதருக்கும் கால்நடைகளுக்கும் வேண்டிய மருத்துவ ஏற்பாடுகளை அந்த நாடுகளிலும் செய்திருப்பதாகச் சொல்வதற்காக. கலிங்கப் போருக்குப் பின் வருந்திய ஒரு பேரரசர், தம் படை எட்டாத பாண்டிய நாட்டை மூலிகைகளோடு நினைத்துப் பார்த்திருக்கிறார். வென்றவனின் முத்திரையாக அந்தச் சக்கரம் நம்மிடம் வரவில்லை. தமிழ் மண்ணின் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அதே அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, சக்கரம் அறத்தின் ஆழியைக் குறிக்கிறது என்றும், சக்கரம் என்றாலே இயக்கம், தேங்கி நிற்பதில் உயிர் இல்லை என்றும் விளக்கினார். அறவாழி என்ற சொல்லைக் குறளின் முதல் அதிகாரத்திலேயே படித்து வளர்ந்த நமக்கு இது அயலாகத் தோன்ற வேண்டிய காரணம் இல்லை. மீன்கொடியின் பெருமை இதனால் ஒரு நூலளவும் குறைவதில்லை.

கேள்வி: காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற மதத்தாருக்கு என்று என் பேத்திக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது சரிதானா?
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: சரியில்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். 1921ஆம் ஆண்டுக் கொடியில் மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு என்று பட்டைகள் இருந்தன. அப்போது சிவப்பு இந்துக்களையும், பச்சை முஸ்லிம்களையும், வெள்ளை ஏனைய சமயத்தாரையும் குறிப்பதாகவே காந்தி விளக்கினார். அப்படிப் பங்கு பிரித்ததும் சிக்கல் தொடங்கிவிட்டது. சீக்கியர்கள் தங்கள் நிறத்துக்கும் இடம் கேட்டார்கள். கேட்டதில் தவறும் இல்லை. 1931இல் கராச்சி காங்கிரஸ் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. கொடி முழுவதும் காவியாக, ஓரத்தில் ராட்டையோடு இருக்கட்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதை ஏற்காமல், அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு காவி, வெள்ளை, பச்சை என்ற இன்றைய வரிசையை ஏற்றது. நிறங்களுக்கு மதப் பொருள் எதுவும் இல்லை என்றும் தெளிவாக அறிவித்தது. காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை உண்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் வீரப் பண்பையும் குறிக்கும் என்பது அன்று சொல்லப்பட்ட விளக்கம்.

1947இல் ராதாகிருஷ்ணன் தந்த விளக்கம் இன்னும் ஆழமானது என்று கருதுகிறேன். காவி துறவின் நிறம். ஆகவே ஆள்பவர்கள் தமக்கென்று ஆதாயம் தேடக் கூடாது. வெள்ளை என்பது நம்மை உண்மையின் வழியில் நடத்தும் ஒளி. பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. மற்ற எல்லா உயிர்களும் அந்தப் பயிரை நம்பியே இருக்கின்றன. வைகைப் பாசனத்தில் நாற்று நட்ட வயலைப் பார்த்திருக்கும் உங்கள் பேத்திக்கு இந்தக் கடைசி விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

கேள்வி: பிள்ளைகள் கொடி வரையும்போது சக்கரம் ஆளுக்கொரு விதமாக வருகிறது. சரியான அளவு என்ன?
– ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: நீளம் மூன்று பங்கு என்றால் உயரம் இரண்டு பங்கு. மூன்று பட்டைகளும் ஒரே அகலம். சக்கரத்தில் 24 ஆரங்கள். பாகைமானியை வைத்து 15 பாகைக்கு ஒரு கோடு போட்டால் கணக்கு தப்பாது. பெரும்பாலோர் தவறுவது சக்கரத்தின் அளவில்தான். 900 மி.மீ. நீளமும் 600 மி.மீ. உயரமும் உள்ள கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. என்பது அரசின் அளவு. வெள்ளைப் பட்டையின் அகலம் 200 மி.மீ. ஆகையால், மேலும் கீழும் ஏழரை மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். சக்கரம் பட்டையை ஏறக்குறைய நிறைத்து நிற்க வேண்டும். நடுவில் பொட்டு வைத்தது போலச் சிறுத்துவிடக் கூடாது. காவியோடும் பச்சையோடும் அது ஒட்டவும் கூடாது.

கேள்வி: பாலியஸ்டர் துணியில் கொடி செய்யலாம் என்று விதியை மாற்றிவிட்டார்களாமே? கைத்தறியை நம்பி வாழ்பவன் கேட்கிறேன்.
– நெசவாளர், செல்லூர்

பதில்: ஆம், ஐயா. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தி, பட்டு, கம்பளிக் கதரையே கேட்டது. 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தத்தால் இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. வீடுதோறும் கொடி சேர இது உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ராட்டையைக் குறிக்கும் சக்கரத்தை ராட்டை தொடாத துணியில் அச்சிடுவது எனக்கு ஒப்பவில்லை. திருப்பூர் குமரன் 1932 ஜனவரியில் தடியடி பட்டு வீழ்ந்தபோதும் கைவிடாத கொடியின் நடுவில் இருந்தது ராட்டைதான். திருத்தம் கதரைத் தடை செய்யவில்லை. கர்நாடகத்தில் ஹூப்ளி அருகே பெங்கேரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்றோடு இன்றும் கதர்க் கொடி தயாராகிறது. அலுவலகங்களும் பள்ளிகளும் ஆண்டுக்கு ஒரு கொடியேனும் கதரில் வாங்கினால் நூற்பவருக்கும் நெய்பவருக்கும் வேலை இருக்கும். வாங்கும் இடத்தில் இருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

கேள்வி: கொடியைச் சுவரில் செங்குத்தாகத் தொங்கவிடலாமா? கிழிந்த கொடியை என்ன செய்வது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கே.கே. நகர், மதுரை

பதில்: தொங்கவிடலாம், எதிரே நின்று பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின், வீட்டிலும் திறந்த வெளியிலும் இரவு பகல் இரண்டிலும் கொடி பறக்கலாம். ஆனால் கிழிந்ததையோ அழுக்கானதையோ பறக்கவிடக் கூடாது. அத்தகைய கொடியைத் துண்டாக்காமல் முழுதாக, பிறர் பார்வையில் படாத இடத்தில், மரியாதையோடு எரித்துவிடுவது நல்லது. விழா முடிந்த பின் தரையில் கிடக்கும் காகிதக் கொடிகளுக்கும் இதே விதிதான். உங்கள் சங்கம் மாலையில் ஒருவரை அனுப்பி அவற்றைப் பொறுக்கி எடுக்க ஏற்பாடு செய்யலாம்.