பத்திரம் கைக்கு வந்த பிறகு

கேள்வி: மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் செல்வி என்ற பெண்ணைப் பற்றி, ஆறே எபிசோடில் முடிகிற மாதிரி ஒரு வெப் சீரிஸ் எழுதினேன். நண்பர்களோடு சேர்ந்து எடுத்து யூடியூபில் போட்டோம். பணம் போட்டவர் என் தாய்மாமா. அப்பா அடகு வைத்த மாந்தோப்பின் பத்திரத்தைச் செல்வி மீட்டு வருவதோடு கதை முடிகிறது. நல்ல வரவேற்பு. இப்போது மாமா, "இன்னும் பத்து எபிசோடு எழுது. அந்தப் பத்திரமே போலின்னு வச்சுக்க, கதை தானா ஓடும்" என்கிறார். கிருஷ்ணகிரி நகைக்கடைகளில் விளம்பரமும் பேசிவிட்டாராம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு இணைப்பும் அனுப்பியிருந்தீர்கள். ஆறையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேறு எதை வேண்டுமானாலும் மாமாவோடு பேசி முடிவு செய்யுங்கள். பத்திரத்தை மட்டும் போலியாக்க விடாதீர்கள்.

உங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கடைசியில் படுகளம். மண்ணில் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். பீமன் வந்து தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்தக் கூந்தலை மறுபடி அவிழ்க்கச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. ஆனால் கர்ணனை இன்னும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், வேறொரு நாள் கர்ண மோட்சம் வைத்து விடிய விடியப் பார்ப்பார்கள். முடிந்த இடத்தை யாரும் தொடுவதில்லை, பக்கத்தில் இருக்கிற ஆளின் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அந்த வழிதான் சரி என்று நினைக்கிறேன்.

நீட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1987-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியபோது 52 எபிசோடுதான் திட்டம். அது 78 வரை போனது. பட்டாபிஷேகத்தோடு முடிகிற சமயத்தில் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வால்மீகியைத் தங்கள் குருவாக வணங்குகிறவர்கள் அவர்கள். வால்மீகியின் ஆசிரமத்தில் சீதை வாழ்ந்ததும் லவ குசர் பிறந்து வளர்ந்ததும் இல்லாமல் எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. 1988-லேயே உத்தர ராமாயணக் கதை தனித் தொடராக வந்தது. ராவணன் எழுந்து வரட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, விட்டுப்போனதைக் கேட்டார்கள். இந்த வித்தியாசத்தை மாமாவுக்கு நீங்கள் புரிய வைக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஒரு நாவலை வைத்து எடுத்த 'பிக் லிட்டில் லைஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 2017-ல் ஏழு எபிசோடில் முடிந்து, குறுந்தொடருக்கான எம்மி விருதும் வாங்கியது. 2019-ல் அதற்கு இரண்டாவது சீசன் எடுத்தபோது, முதல் சீசனின் முடிவில் செத்துப்போனவனின் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். என் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. முதல் முடிவு அப்படியே நின்றது. அப்படியும் முதல் ஏழில் இருந்த இறுக்கம் அதில் இல்லை என்பது என் கருத்து. இவ்வளவு பார்த்துச் செய்தவர்களுக்கே அந்த நிலை. பத்திரம் போலி என்று ஆக்கினால் செல்வி ஆறு எபிசோடு பட்ட பாடும் வீண், அவளோடு சேர்ந்து அழுதவர்களின் கண்ணீரும் வீண்.

சரி, உங்கள் கதையில் விட்டுப்போனது யார்? மூன்றாவது எபிசோடில் செல்விக்குப் பக்கத்தில் நின்று பெங்களூரா மாங்காயைத் தரம் பிரிக்கும் அந்த அக்கா. மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணான விரலில் கிழிந்த சேலைத் துண்டைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டே, "ஆடி போனா எங்கள யாருக்கும்மா தெரியும்?" என்கிறார். யாரும் பதில் சொல்வதில்லை, பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு இரண்டாவது தடவை பார்த்தேன். உங்கள் ஆறு எபிசோடும் மாம்பழ சீசனில் நடக்கிறது. ஆலை ஓடுவது வருடத்தில் சில மாதம்தான். அப்புறம் அந்த அக்கா எங்கே போவார்? ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கவா, ஓசூர் கம்பெனிக்கா, கடன் வாங்கிக்கொண்டு வீட்டிலேயேவா? அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்தது நீங்கள்தான். பதிலை எழுத வேண்டிய கடனும் உங்களுக்கு இருக்கிறது. செல்வி ஒரு காட்சியில் தோப்புக்காரியாக வந்து போகட்டும், போதும்.

மாமாவுக்கும் இதில் லாபம் இருக்கிறது. சீசன் முடிந்து சும்மா கிடக்கும் ஆலையில் படம் பிடிக்க அனுமதி கேட்பது சுலபம், இயந்திரச் சத்தமும் இருக்காது. அவர் போட்ட காசு திரும்ப வேண்டும் என்று நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அதனால் "முடியாது மாமா" என்று ஆரம்பிக்காதீர்கள். கடைக்காரர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "மாமா, இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு" என்று இரண்டு பக்கத்தை நீட்டுங்கள். அதில் கடைசிக் காட்சி முதலில் இருக்கட்டும். எத்தனை எபிசோடு என்பதும் இருக்கட்டும். பத்தெல்லாம் இந்தக் கதை தாங்காது, ஐந்து போதும். விளம்பரம் கூடினாலும் அதற்கு மேல் போவதில்லை என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. வேறு ஆளை வைத்து மாமா எழுத வைத்துவிடுவாரோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் எனக்கு வருகிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையின் உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம், உங்கள் மனத் தைரியத்துக்குத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

முதல் எபிசோடு எழுதியதும் அந்த அக்கா மாதிரி ஆலையில் வேலை பார்க்கிற யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்தைப் போட்டுவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.